வந்தியத்தேவனுக்கு மிளகாய் தெரியாது

2022 செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமை. ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் வெளியான நாள். அப்ப நாங்கள் உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த ஆக்கள். கையில் நேரம் நிறைய இருந்தது, காசுதான் இல்லை.

அந்த மாதம் நாடு எப்பிடி இருந்தது எண்டு உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். உணவுப் பொருட்களுக்கு மட்டும் பார்த்தால் 94.9 வீதம். அதாவது முந்தின வருசம் 100 ரூபாய்க்கு வாங்கின சாப்பாட்டுச் சாமான் கிட்டத்தட்ட 195 ரூபாய். கியூஆர் அட்டை காட்டினால் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் எண்டு தொடங்கின காலம். அந்த 4 லீற்றரில் மிச்சம் பிடிச்சு, ஏழு பேர் ஞாயிற்றுக்கிழமை படத்துக்குப் போறதெண்டு முடிவெடுத்தோம். ரிக்கெற் காசு சேர்ந்தது. தியேட்டருக்குள்ள வாங்கிச் சாப்பிடக் காசு சேரவில்லை.

சரி, வீட்டிலயே செய்து கொண்டு போவம் எண்டு ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தன் அதுக்கு மேலால ஒரு நிபந்தனை போட்டான்: சோழர் காலத்துச் சாப்பாடு மட்டும்தான் கொண்டுபோக வேணும். கல்கியின் கதையே ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில்தானே தொடங்குது. சனம் குடும்பம் குடும்பமாக வந்து, கட்டிக் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிடுறதை வந்தியத்தேவன் குதிரையில் இருந்து பார்த்துக்கொண்டு போவான். நாங்களும் அப்பிடி ஒரு கட்டோட போவம் எண்டு நினைச்சோம்.

முதல் எழுதின பட்டியல் இது: பருத்தித்துறை வடை, கச்சான், மரவள்ளிப் பொரியல், சோளப்பொரி. உயர்தரத்துக்கு வரலாறு படிச்ச தோழி பேனையை எடுத்தாள். நாலையும் வெட்டினாள்.

ஏன் எண்டால், மிளகாய், கச்சான், மரவள்ளி, சோளப்பொரி செய்யிற சோளம் எல்லாமே அமெரிக்கக் கண்டங்களில் பிறந்த பயிர்கள். கொலம்பஸ் அட்லாண்டிக்கைக் கடந்தது 1492 இல். அதுக்குப் பிறகுதான் இந்தப் பயிர்கள் ஐரோப்பியக் கப்பல்களில் ஏறி எங்கட பக்கம் வந்தன. போர்த்துக்கீசர் இலங்கையில் கால் வைத்தது 1505, யாழ்ப்பாண இராச்சியம் அவர்களிடம் விழுந்தது 1619. பொன்னியின் செல்வன் கதை நடப்பது பத்தாம் நூற்றாண்டில். ஆகவே வந்தியத்தேவனுக்கு மிளகாய் எண்டால் என்னவெண்டே தெரியாது. 1010 இல் கட்டி முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் படையலுக்கான அரிசி, பருப்பு, நெய், மிளகு, புளி, தயிர் எல்லாம் கணக்காக எழுதியிருக்கு. உறைப்புக்கு அங்கே மிளகுதான். ‘மிளகாய்’ எண்ட சொல்லே மிளகைப் போல உறைக்கிற காய் எண்டுதான் சொல்லுது. வந்தவனுக்கு இருந்தவனின் பெயரை வைத்து அழைத்திருக்கிறோம்.

அப்ப மிஞ்சினது என்ன? எள்ளு, பயறு, உளுந்து, அரிசி, தேங்காய், மிளகு, பனங்கட்டி. இந்தப் பட்டியலோட தோழியின் அம்மம்மாவிட்டப் போனோம். அவ கண்ணாடியைப் போட்டு வாசிச்சுப் போட்டுச் சிரிச்சா.

“இது சோழர் காலத்துச் சாமான் இல்லைப் பிள்ளையள். தடைக் காலத்துச் சாமான்.”

1990 ஜூனில் போர் திரும்பவும் தொடங்கியபோது குடாநாட்டின் மேல் பொருளாதாரத் தடை இறங்கியது. எரிபொருள், பற்றரி, சீமெந்து எண்டு தடைப் பட்டியல் நீண்டது. மின்சாரமும் நின்றது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரிச்சதும், சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோ சுத்தி ரேடியோ கேட்டதும் எங்கட வீடுகளில் எல்லாரும் சொல்லுற கதைகள்தான். எங்களுக்குப் புதிதாக இருந்தது அம்மம்மா சொன்ன படக்கதை. தியேட்டரில் படம் ஓட வழியில்லாத அந்தக் காலத்தில் ஊரில் ஆரும் ஒருவர் வீட்டு முற்றத்தில் ரீவியும் டெக்கும் வாடகைக்கு வரும். ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் வேணும், அதுக்கு எல்லா வீடும் காசு போடும். எடுத்த டெக்கை வீணாக்கக் கூடாதெண்டு விடிய விடிய மூண்டு படம் ஓடும். இரவு முழுக்கப் பிள்ளைகளை எழுப்பி வைச்சிருக்க வாயில் ஏதும் வேணுமே. சீனி விலைக்குக் கிட்டப் போகேலாது. குட்டானில் வந்த பனங்கட்டியோட எள்ளை இடிச்சு உருண்டை பிடிப்பினமாம். பயத்தம்மா உருண்டை, அவிச்ச மரவள்ளி, வறுத்த கச்சான்.

இங்கேதான் எங்களுக்கு விசயம் விளங்கியது. பத்தாம் நூற்றாண்டுச் சமையலும் 1990களின் சமையலும் ஏன் இவ்வளவு கிட்ட வந்தன? சோழர் காலத்தில் அந்தக் கப்பல்கள் இன்னும் வரவில்லை. தடைக் காலத்தில் கப்பல் வர விடவில்லை. இரண்டு அடுப்பிலும் ஏறினது பக்கத்து மண்ணில் விளைந்ததுதான். ஒரேயொரு வித்தியாசம், கச்சானும் மரவள்ளியும். போர்த்துக்கீசருக்குப் பிறகு வந்த இந்த இரண்டு பேரும் 1990 ஆகும்போது உள்ளூர் ஆக்களாகி, எங்கட சனத்தின் பசியை ஆத்திக்கொண்டிருந்தார்கள். எது எங்கட சாப்பாடு, எது வந்த சாப்பாடு எண்டு கோடு கீற முதல் இதையும் யோசிக்க வேணும்.

தட்டுப்பாடு படச் சாப்பாட்டை மாத்தினது எங்கட ஊரில் மட்டுமில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் சீனிக்குப் பங்கீடு வந்து இனிப்புகள் குறைந்தபோதுதான் சோளப்பொரி அங்கத்தைய தியேட்டர்களைப் பிடித்தது. 1945 அளவில் அந்த நாட்டில் சாப்பிட்ட சோளப்பொரியில் பாதிக்கு மேல் தியேட்டர்களுக்குள்தான் போனதாம்.

காஸ் தட்டுப்பாட்டில் அம்மம்மா வீட்டில் விறகடுப்பு திரும்பவும் வந்திருந்தது. பனை மட்டையும் பொச்சும் வைத்து எரித்தோம். எள்ளைக் கழுவி வறுத்து உரலில் இடிக்க, எண்ணெய் கசிந்து பனங்கட்டியோட சேர்ந்து வந்தது. பருத்தித்துறை வடையையும் விட மனமில்லை. மிளகாய்த்தூளுக்குப் பதில் மிளகு, கோதுமை மாவுக்குப் பதில் அரிசிமா. பாதி உடைஞ்சு போச்சுது, ஆனாலும் ருசி. நாப்பது உருண்டை பிடிச்சோம். வேலை முடிய அம்மம்மாவுக்கு ஒண்டு நீட்டினோம். வேண்டாம் எண்டா.

“அஞ்சு வருசம் இதைத்தானே திண்டனாங்கள். இனி எனக்கு வேண்டாம்.”

நாங்கள் பேசாமல் நின்றோம். அதுவரைக்கும் எங்கட மனதில் ‘அந்தக் காலத்தில் எல்லாம் இயற்கை உணவு, யாரையும் நம்பாமல் வாழ்ந்தார்கள்’ எண்ட பெருமைதான் இருந்தது. முகநூலிலும் அப்பிடித்தானே எழுதுகிறோம். மருந்துக்கும் தட்டுப்பாடு இருந்த, 1995 ஒக்ரோபர் 30 இல் இலட்சக்கணக்கான சனம் மழைக்குள் வீட்டைவிட்டு நடந்ததோட முடிந்த ஒரு காலத்தை, அதை வாழாத நாங்கள் இனிப்பாக்கிப் பார்க்கிறோம். அந்த உருண்டை கெட்டித்தனத்தின் அடையாளம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது ஆரும் விரும்பித் தெரிவு செய்த சாப்பாடு இல்லை.

ஞாயிறு தியேட்டர் வாசலில் பையைத் திறக்கச் சொன்னார்கள். வெளிச்சாப்பாடு கொண்டுபோகேலாதாம். அடுத்த ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றமும், வெளி உணவைத் தடுக்கத் தியேட்டர்காரருக்கு உரிமை உண்டு, ஆனால் குடிதண்ணீர் இலவசமாகக் கொடுக்க வேணும் எண்டு தீர்ப்புச் சொன்னதை வாசித்தோம். சட்டம் எதுவாக இருந்தாலும், முற்றத்துப் படத்தையும் மூட்டைச் சாப்பாட்டையும் ஒண்டாக வைத்திருந்த பழக்கம் அந்த வாசலோட நிற்குது. படம் முடிய, வாகனத் தரிப்பிடத்தில் நின்று சோழர் சாப்பாட்டைச் சாப்பிட்டோம். தரிப்பிடத்து ஐயாவுக்கும் இரண்டு உருண்டை குடுத்தோம்.

2023 ஏப்ரல் 28 இல் இரண்டாம் பாகம் வந்தது. இந்த முறை அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். என்ன செய்து கொண்டு வாறது எண்டு கேட்டதுக்கு, ஒண்டும் செய்ய வேண்டாம் எண்டிட்டா. உள்ளே போனதும் எங்கட கையில் காசைத் தந்து, பெரிய சோளப்பொரிப் பெட்டி ஒண்டு வாங்கிவரச் சொன்னா. வாங்கிக் குடுத்தோம். படம் முடியுமட்டும் அதை மடியில் வைச்சு ஒவ்வொண்டாச் சாப்பிட்டுக்கொண்டிருந்தா.