இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒரு கோடை

வரலாறு என்றவுடன் போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் நினைப்பதே மாணவர் பலரின் வழக்கம். ஒரு குடும்பம் ஏரிக்கரைக்கு ஓய்வெடுக்கச் சென்று திரும்பியதும் வரலாற்றில் இடம்பெறத் தக்கதே. இக்கட்டுரை அத்தகைய ஒரு கோடையைப் பற்றியது. ஆண்டு 1847, ஊர், சுவிட்சர்லாந்தில் தூண் ஏரிக்கும் பிரியன்சு ஏரிக்கும் இடையே அமைந்த இன்டர்லாக்கன். அப்பெயரின் பொருளே ‘ஏரிகளுக்கு இடையில்’ என்பதாகும். தெற்கே 4158 மீட்டர் உயரமுள்ள யுங்ஃபிராவ் பனிமலை தெரியும்.

அங்கே வந்து தங்கியவர் ஜெர்மானிய இசைமேதை ஃபெலிக்ஸ் மெண்டல்சோன். வயது முப்பத்தெட்டு. உடன் மனைவி செசீலும் ஐந்து குழந்தைகளும் இருந்தனர். மூத்தவன் கார்லுக்கு ஒன்பது வயது. கடைக்குட்டி லில்லிக்கு இரண்டு வயது இன்னும் நிறையவில்லை.

அவர்கள் இன்பச் சுற்றுலாவாக வந்தவர்கள் அல்லர். அவ்வாண்டு மே 14ஆம் நாள் ஃபெலிக்ஸின் தமக்கை ஃபானி பெர்லினில் காலமானார். தம் இல்லத்தில் ஞாயிறுதோறும் நடத்திவந்த இசைநிகழ்ச்சிக்குத் தம்பியின் படைப்பொன்றை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோதே அவருடைய கைகள் செயலிழந்தன. அன்றிரவே உயிர் பிரிந்தது. அவருக்கு வயது நாற்பத்தொன்று. இங்கிலாந்தில் ‘எலியா’ என்னும் தம் பெரும்படைப்பை அரங்கேற்றிவிட்டுக் களைத்துப்போய் ஃபிராங்ஃபர்ட்டு திரும்பியிருந்த ஃபெலிக்ஸுக்குச் செய்தி அங்கே கிடைத்தது. கேட்டவுடன் நிலைகுலைந்தார். அடக்கத்திற்கும் அவரால் செல்ல இயலவில்லை.

உடன்பிறப்பை இழந்த துயரம் யார்க்கும் பொதுவானது. இவருடைய துயரத்தில் வேறொரு முடிச்சும் இருந்தது. ஃபானியும் இசையமைப்பாளரே, நானூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகளை எழுதியவர். இசை தம்பிக்குத் தொழிலாகலாம், உனக்கு அணிகலனாக மட்டுமே இருக்கவேண்டும் என்று தந்தை 1820இல் மகளுக்கு எழுதினார். அவருடைய பாடல்கள் ஆறு, தம்பியின் பெயராலேயே அச்சேறின. 1842இல் விக்டோரியா அரசியார் ஃபெலிக்ஸின் பாடல் என்று விரும்பித் தேர்ந்து பாடியது உண்மையில் ஃபானியினுடையது. அதனை ஃபெலிக்ஸே அரசியாரிடம் ஒப்புக்கொண்டார். ஃபானி தம் பெயரில் படைப்புகளை வெளியிட ஊக்குவிக்குமாறு 1837இல் தாயார் கேட்டபோதோ, அவர் இணங்கவில்லை. தமக்கையே விரும்பி முடிவு செய்தால் இயன்ற உதவியைச் செய்வேன், தூண்டமாட்டேன் என்பது அவர் நிலை. 1846இல் ஃபானி தாமே துணிந்தார். தம்பியின் வாழ்த்து சற்றுத் தாமதித்தே வந்தது. அதன்பின் அவர் உயிரோடிருந்த காலம் ஓராண்டுகூட இல்லை.

ஃபெலிக்ஸ் குற்றவுணர்வால் வெந்தார் என்று எழுதிவிடுதல் எளிது. பலர் அவ்வாறே எழுதுகின்றனர். இறந்தவர் மனத்துக்குள் அவ்வளவு எளிதாக நுழைந்துவிடலாகாது. அவர் செய்தவற்றையும் செய்யாதவற்றையும் நோக்குவதே நமக்கு உரிய வழி.

முதலில் குடும்பம் பாடன்பாடன் நகரில் கூடியது. தம்பி பவுலின் குடும்பமும், மனைவியை இழந்த ஓவியர் ஹென்சலும் உடன் இருந்தனர். பின்னர் சுவிட்சர்லாந்து, பவுலும் ஹென்சலும் பெர்லினுக்குத் திரும்பிய பிறகு ஃபெலிக்ஸ் மனைவி மக்களோடு இன்டர்லாக்கனில் தங்கினார். அந்நாடு அவருக்குப் புதிதன்று. 1822இல் பதின்மூன்று வயதுச் சிறுவனாகப் பெற்றோரோடும் ஃபானியோடும் அதே மலைகளைக் கண்டவர் அவர். துயரத்தை மறக்க ஓர் இடம் தேடியவர், துயரத்திற்கு உரியவருடன் நடந்த மண்ணையே தேர்ந்தது எண்ணத்தக்கது.

நாள்கள் ஒழுங்காகக் கழிந்தன. காலையில் மூத்த பிள்ளைகள் மூவருக்கும் தந்தையே பாடம் சொல்லித்தந்தார். பிற்பகலில் வானம் இடங்கொடுத்தால் நடை, இல்லையேல் ஓவியம். அந்தக் கோடையில் அவர் தீட்டிய நீர்வண்ணப் படங்கள் பல இன்றும் உள்ளன. லூசெர்ன் நகரும் ஏரியும் தோன்றும் படம் அவற்றுள் புகழ்பெற்றது. நுணுக்கமும் பொறுமையும் கொண்ட தூரிகை அது. இசை மட்டும் தொடக்கத்தில் வரவில்லை.

சுற்றிலும் நாடு அமைதியாக இல்லை. கத்தோலிக்கக் கன்டோன்கள் ஏழு சேர்ந்து அமைத்த தனிக்கூட்டணி கலைக்கப்பட வேண்டும் என்று ஜூலை 20இல் கூட்டாட்சிப் பேரவை தீர்மானித்தது. உள்நாட்டுப் போர் நெருங்கிக்கொண்டிருந்தது. சுவிட்சர்லாந்துக்குள்ளேயே அமைந்த முதல் இரயில் பாதையும் அந்த ஆகஸ்டில்தான் ஓடத் தொடங்கியது.

ஆகஸ்ட் இறுதியில் ஆங்கிலத் திறனாய்வாளர் ஹென்றி சோர்லி அவரைக் காண வந்தார். நண்பர் முதுமையுற்றுக் கூனியிருந்ததையும், பிரியன்சு ஏரிக்கரையிலுள்ள ரிங்கன்பெர்க் சிற்றூர்த் தேவாலயத்தில் சிலர் மட்டும் கேட்க அவர் ஆர்கன் வாசித்ததையும் சோர்லி பதிவு செய்துள்ளார். ஆசிரியர்கள் இங்கே மாணவர்க்கு ஒன்றைச் சுட்டிக்காட்டலாம். சோர்லியின் நூல் வெளிவந்தது 1854இல். மெண்டல்சோன் மறைந்துவிட்டார் என்பதை அறிந்தே அவர் எழுதினார். ஏரிக்கரை நடைகளிலெல்லாம் அவர் விடைபெறலைக் காண்பது அதனால்தான். அந்நாள்களில் எழுதப்பட்ட கடிதங்களிலோ பிள்ளைகளின் பாடமும் மழையும் வருகின்றன. இரண்டும் சான்றுகளே, எடைதான் வேறு.

அந்த ஊரிலேயே மெல்ல இசை திரும்பியது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கு கருவிகளுக்கென ஃபெலிக்ஸ் எழுதிய எஃப் மைனர் நால்வரிசை அக்கோடையின் விளைவாகும். மெண்டல்சோனின் இசை என்றால் தெளிவும் இனிமையும் என்று பழகிய செவிக்கு அது அதிர்ச்சி தரும். நடுங்கும் கம்பிகளோடு தொடங்குகிறது. அமைதி பெற்ற மனத்தின் குரல் அதில் இல்லை. ‘ஃபானிக்கு இரங்கற்பா’ என்று பின்வந்தோர் அழைத்தனர்; அவர் அப்படியொரு பெயரை இடவில்லை. ஏரிக்கரை ஓய்வு துயரத்தை ஆற்றவில்லை என்றே வரலாற்றாசிரியர் பலர் முடிக்கின்றனர். என் கருத்து வேறு. ஓய்வு அவருக்கு ஆறுதலைத் தரவில்லை என்பது சரி. ஆயினும் அழுகையைத் தாளில் இறக்கிவைக்கும் வலிமையைத் தந்தது. ஃபிராங்ஃபர்ட்டிலோ பெர்லினிலோ அது எழுதப்பட்டிருக்கும் என்று நான் எண்ணவில்லை.

அந்த வலிமைக்கும் எல்லை இருந்தது. செப்டம்பரில் லைப்சிக் திரும்பியவர், பெர்லின் சென்று தமக்கையின் அறையைப் பார்த்தார். ஃபானி விட்டுச்சென்றபடியே அது இருந்தது. மலைநாட்டில் சேர்த்த நலமெல்லாம் அங்கே கரைந்தது. அக்டோபர் 9இல் நோயுற்றார். அடுத்தடுத்து மூளைத்தாக்கு வந்தது. நவம்பர் 4ஆம் நாள் இறந்தார். அதற்கு முந்தைய நாள்தான் சுவிட்சர்லாந்தில் போர் தொடங்கியிருந்தது. பெர்லினில் ஃபானியின் கல்லறைக்கு அருகிலேயே அவரை அடக்கம் செய்தனர்.

நால்வரிசை 1850இல் அச்சேறியது. அதே ஆண்டில், அதே லைப்சிக் பதிப்பகத்திலிருந்து ஃபானியின் பியானோ மூவரிசையும் அவர் பெயரிலேயே வெளிவந்தது.

இன்டர்லாக்கன் கடிதங்கள் நமக்குக் கிடைத்தது 1863இல் வெளியான தொகுப்பின் வழியாக. பதிப்பித்தவர் இருவர்: ஃபெலிக்ஸின் தம்பி பவுலும், காலைப்பாடம் படித்த அந்த மூத்த மகன் கார்லும். பிற்காலத்தில் வரலாற்றுப் பேராசிரியராக விளங்கிய கார்லுக்கு அப்போது வயது இருபத்தைந்து.