ஆடுகளமும் நிறவசையும்

வெளியூரிலிருந்து ஆட வரும் வீரனை அவ்வூர் மக்கள் கேலி செய்வதும், கூவிக் கூவி அவன் கவனத்தைக் கலைப்பதும் கால்பந்தாட்டத்தில் புதியன அல்ல. ஆட்டம் தோன்றிய நாள் முதலே அந்தக் கூச்சலும் அதனுடன் வளர்ந்து வந்திருக்கிறது. அதைப் பெருங்குற்றம் என்று எவரும் சொல்லார். ஆனால் ஒருவனது ஆட்டத்தை விட்டுவிட்டு அவனது பிறப்பைப் பழிப்பதும், அவன் தோலின் நிறத்தைச் சுட்டிக் குரங்கைப்போல் ஒலி எழுப்புவதும், வாழைப்பழத்தை அவன் காலடியில் வீசுவதும் வேறு வகையைச் சேர்ந்தவை. இவற்றை எதிர்த்து, ஆட்டத்தை நடத்துகிறவர்கள் என்ன செய்தார்கள், என்ன செய்யாமல் விட்டார்கள் என்பதே நாம் காண எடுத்துக்கொண்ட பொருள். 'ஊர்வாயை மூட உலைமூடி உண்டோ' என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. ஏறத்தாழ எண்பது ஆண்டுக் காலம் இங்கிலாந்தின் கால்பந்துக் கழகங்கள், இந்தப் பழமொழியை அறியாமலே, அதனைத் தம் கொள்கையாகக் கொண்டு நடந்து வந்தன.

வால்ட்டர் டல் என்ற வீரர் 1888இல் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஃபோக்ஸ்டன் நகரில் பிறந்தவர். தந்தை பார்படோஸ் தீவிலிருந்து வந்த தச்சர். தாய் ஆங்கிலப் பெண்மணி. இருவரையும் சிறு வயதிலேயே இழந்த டல், இலண்டனில் ஓர் அநாதை இல்லத்தில் வளர்ந்தார். 1909இல் டாட்டன்ஹம் ஹாட்ஸ்பர் கழகம் அவரைச் சம்பளம் பெறும் ஆட்டக்காரராகச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் அக்கழகம் பிரிஸ்டல் நகருக்குச் சென்று ஆடியபோது, பார்வையாளரில் ஒரு பகுதியினர் டல்லை நோக்கிச் சொல்லத்தகாத சொற்களை வீசினர். அன்று அங்கிருந்த பத்திரிகையாளர் ஒருவர் அந்தச் செயலைக் கோழைத்தனம் என்று வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். களத்தில் இருந்த முன்னணி ஆட்டக்காரருள் டல்லே சிறந்தவர் என்றும் எழுதினார். பத்திரிகையாளருக்கு இருந்த துணிவு கழகத்திற்கு இருந்ததாகத் தெரியவில்லை. முதல் பிரிவு ஆட்டங்களில் டல்லுக்கு அதன் பின்னர் வாய்ப்புகள் அருகின. இரண்டாம் அணியில் அவர் காலத்தைக் கழிக்க நேர்ந்தது. அங்கு அவர் ஆடிய முதல் பிரிவு ஆட்டங்கள் மொத்தம் பத்துத்தான்.

வசை பொழிந்தவர்கள் தம் இருக்கைக்கு அடுத்த வாரமும் வந்தார்கள். வசைக்கு ஆளானவர் இடம் இழந்தார். இந்த விசித்திர நீதியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் இது பல உருவங்களில் மீண்டும் வரும்.

டல்லின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1911இல் ஹெர்பர்ட் சாப்மன் என்ற புகழ்பெற்ற நிர்வாகி அவரை நார்த்தாம்ப்டன் கழகத்திற்கு அழைத்துக்கொண்டார். அங்கு அவர் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் கலந்துகொண்டார். முதல் உலகப் போர் மூண்டதும் கால்பந்து வீரர்களுக்கென்றே அமைந்த படைப்பிரிவில் சேர்ந்தார். ஐரோப்பிய இரத்தம் அல்லாதவர் படைவீரருக்கு ஆணையிடும் அதிகாரியாக இருத்தல் கூடாது என்று இராணுவ விதிநூல் கூறிக்கொண்டிருந்த காலத்தில், 1917இல் அவர் அதிகாரியானார். 1918 மார்ச்சில் பிரான்சில் வீழ்ந்தார். அவர் உடல் கிடைக்கவில்லை. அராஸ் நகரின் நினைவுச் சுவரில் பெயர் மட்டும் இருக்கிறது.

இனி, கடலைத் தாண்டி ரியோ டி ஜனேரோ நகருக்கு வருவோம். பிரேசில் நாட்டில் கால்பந்து முதலில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்காக இருந்தது. வாஸ்கோ ட காமா என்பது போர்ச்சுகலிலிருந்து குடியேறிய வணிகர்கள் வளர்த்த கழகம். அவர்கள் நிறம் பார்க்கவில்லை, குலம் பார்க்கவில்லை. கால் திறமை ஒன்றையே பார்த்தார்கள். கறுப்பர்களும், கலப்பினத்தவரும், கூலித் தொழிலாளரும் கூடிய அந்த அணி 1923இல், முதல் பிரிவில் ஆடிய முதல் ஆண்டிலேயே, நகரச் சாம்பியன் பட்டத்தை வென்றுவிட்டது. பழம்பெருங் கழகங்கள் இதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. 1924இல் அவை தனியே ஒரு சங்கத்தை அமைத்தன. வாஸ்கோவும் அதில் சேரலாம், ஆனால் பன்னிரண்டு ஆட்டக்காரர்களை நீக்கிவிட்டு வரவேண்டும் என்றன. நிறத்தைக் காரணமாகச் சொல்லும் அளவுக்கு அவை வெளிப்படையானவை அல்ல. அந்த வீரர்களின் தொழில் ஐயத்துக்குரியது, சமூக நிலை போதாது என்று நயமாகச் சொல்லின. பார்வையாளன் கூவிச் சொல்வதைப் பெரிய மனிதர்கள் விதிகளாக எழுதிவைப்பார்கள் போலும்!

1924 ஏப்ரல் 7ஆம் நாள் வாஸ்கோவின் தலைவர் ஜோசே அவ்குஸ்டோ பிரெஸ்டெஸ் அந்தச் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தப் பன்னிருவரும் இளைஞர்கள், தம் வாழ்வின் தொடக்கத்தில் நிற்பவர்கள், கழகத்தின் நிறங்களை வெற்றியோடு காத்தவர்கள். அவர்களைப் பலியிட்டுப் பெறும் இடம் எங்களுக்கு வேண்டாம் என்பது அதன் சாரம். பணிவான சொற்களால் ஆன கடிதந்தான். ஆயினும் பெருங் கழகங்களோடு ஆடுவதால் வரும் வருவாயையும் புகழையும் ஒரு கழகம் மனமறிந்து துறந்தது என்பதைக் காட்டும் சாசனம் அது. அந்த ஆண்டு வாஸ்கோ பழைய சங்கத்திலேயே ஆடியது. அடுத்த ஆண்டு புதிய சங்கம் இறங்கி வந்தது. வாஸ்கோ தன் வீரர்களோடு அதில் நுழைந்தது. சொந்த மைதானம் இல்லை என்ற குறையையும் ஒரு சாக்காகச் சொன்னார்கள் அல்லவா? அதற்கும் மறுமொழியாக 1927இல் சாவ் ஜனுவாரியோ என்னும் பெரிய அரங்கைக் கட்டி முடித்தது.

1909இல் பிரிஸ்டலில் நேர்ந்ததையும் 1924இல் ரியோவில் நேர்ந்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கழகம் நினைத்தால் முடியும் என்பது விளங்கும். முடிந்தும் பிற்காலத்தார் ஏன் வாளா இருந்தார்கள் என்பதே கேள்வி.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து இங்கிலாந்தில் குடியேறியவர்களின் மக்கள், 1970களில் கால்பந்துக் களங்களில் பெருகலாயினர். வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் கழகத்தில் 1978இல் லாரி கன்னிங்ஹாம், சிரில் ரீஜிஸ், பிரெண்டன் பாட்சன் ஆகிய மூவரும் ஒருங்கே ஆடினர். அவர்கள் ஆட்டத்தின் அழகை இன்னும் பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் மீது விழுந்த வசைகளோ வாரந்தோறும் விழுந்தவை. 1982இல் ரீஜிஸ் இங்கிலாந்து நாட்டணிக்குத் தேர்வு பெற்றபோது, அஞ்சலில் அவருக்கு ஒரு துப்பாக்கிக் குண்டு வந்தது. 1984இல் ஜான் பார்ன்ஸ் பிரேசிலின் புகழ்வாய்ந்த மரக்கானா அரங்கில் எதிரணியினர் பலரை ஏமாற்றிக் கடந்து ஒரு கோல் போட்டார். இங்கிலாந்து இரண்டுக்குச் சுழி என்ற கணக்கில் வென்றது. பின்னர் விமானத்தில் இருந்த இங்கிலாந்து ரசிகர்கள் சிலர், வெற்றி ஒன்றுக்குச் சுழிதான், கறுப்பன் போட்ட கோல் கணக்கில் சேராது என்றார்களாம்! வெறி வந்தால் கூட்டல் கணக்கும் மறந்துபோகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. 1988இல் லிவர்பூல் நகரத்து இரு கழகங்கள் மோதிய ஆட்டத்தில் அதே பார்ன்ஸ், தம்மை நோக்கி வீசப்பட்ட வாழைப்பழத்தைக் குதிகாலால் ஒதுக்கித் தள்ளினார். அந்தப் புகைப்படம் உலகெங்கும் பரவிற்று. பலர் அதைக் கண்டு அவருடைய நிதானத்தைப் புகழ்ந்தார்கள். எனக்கு அந்தப் புகழ்ச்சியில் முழு உடன்பாடு இல்லை. வீரனின் பொறுமையைக் கொண்டாடுவது, மற்றவர்கள் தம் கடமையைச் செய்யாதிருக்க நல்ல வசதியாக அமைந்துவிடுகிறது.

சட்டம் வந்தது வேறொரு துயரத்தின் வழியாக. 1989இல் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசல் ஏற்பட்டு, இறந்தோர் தொகை 97 ஆயிற்று. அதை ஆராய்ந்த நீதிபதி டெய்லர் 1990இல் அளித்த அறிக்கை, மைதானங்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசியதோடு, இனத்தைப் பழிக்கும் கோஷங்களையும் குற்றமாக்க வேண்டும் என்றது. 1991இல் அவ்வாறே சட்டம் செய்தார்கள். ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை. 'கோஷம்' என்பதற்கு, மற்றொருவரோடு சேர்ந்து மீண்டும் மீண்டும் எழுப்பும் சொல் அல்லது ஒலி என்று பொருள் வரையறுத்திருந்தார்கள். ஆகவே, தனியொருவன் தொண்டை கிழியக் கத்தினாலும் இந்தப் பிரிவு அவனைத் தொடாது! இந்த ஓட்டையை அடைக்க 1999 வரை ஆயிற்று. இதற்கிடையே டெய்லர் அறிக்கையின் பயனாக மேல்பிரிவு மைதானங்களில் நின்று பார்க்கும் மேடைகள் நீங்கி, எண்ணிட்ட இருக்கைகள் வந்தன. கண்காணிக்கும் காமிராக்களும் பெருகின. எந்த இருக்கையிலிருந்து எவர் கத்தினார் என்று கண்டுபிடிக்க முடிந்தது. கூட்டம் என்ற போர்வை விலகியதும் பலருக்குத் துணிவும் விலகிற்று. அறிவுரைகளைவிட இந்த இருக்கை எண்கள் மிகுதியாகச் சாதித்தன என்பது என் எண்ணம்.

ஐரோப்பாக் கண்டத்தின் பிற நாடுகளில் நோய் அவ்வளவு எளிதில் தணியவில்லை. 2005 நவம்பரில் இத்தாலியின் மெஸ்ஸினா நகரில், ஐவரி கோஸ்ட் நாட்டு வீரர் மார்க் ஸோரோ, இண்டர் மிலான் ரசிகர்களின் வசையைத் தாங்காமல் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு களத்தை விட்டு வெளியேறப் புறப்பட்டார். எதிரணியின் கறுப்பு வீரர்களான அட்ரியானோவும் மார்ட்டின்ஸுமே அவரை வேண்டி நிறுத்தினார்கள். அடுத்த வாரம் இத்தாலியின் முதல் பிரிவு ஆட்டங்கள் யாவும் ஐந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கின. ஐந்து நிமிடம்! 2012இல் நடந்த ஐரோப்பியக் கோப்பைப் போட்டியைப் பற்றிய செய்தி இதைவிட நகைப்புக்குரியது. இத்தாலி வீரர் பலோட்டெல்லியைத் தம் ரசிகர்கள் நிறம் சொல்லி இழித்ததற்காகவும் வாணங்கள் எறிந்ததற்காகவும் குரோவேஷியச் சங்கம் கட்டிய அபராதம் 80,000 யூரோ. அதே போட்டியில் டென்மார்க் வீரர் ஒருவர், விளம்பரம் பொறித்த உள்ளாடையைக் கோல் போட்ட களிப்பில் காட்டியதற்கு அபராதம் 100,000 யூரோ. எது பெரிய குற்றம் என்று சங்கத்தார் கருதினார்கள் என்பதைத் தொகைகளே சொல்கின்றன.

2013 ஜனவரி 3ஆம் நாள் புஸ்டோ ஆர்ஸிசியோ என்ற ஊரில் நடந்த நட்பு ஆட்டத்தில், மிலான் வீரர் கெவின் பிரின்ஸ் போவாடெங் பந்தை ரசிகர் பகுதியை நோக்கி உதைத்துவிட்டு வெளியேறினார். இம்முறை எவரும் அவரைத் தடுக்கவில்லை. அணி முழுதும் அவர் பின்னே சென்றது. ஆட்டம் அத்தோடு முடிந்தது. உலகக் கால்பந்துச் சங்கத்தின் அன்றைய தலைவர் செப் பிளாட்டர், களத்தை விட்டு ஓடுவது தீர்வாகாது என்றார். போவாடெங் சில வாரங்களில் ஐக்கிய நாடுகள் அவையில் பேச அழைக்கப்பட்டார். உலகச் சங்கம் நிறவெறிக்கு எதிராக ஒரு செயற்குழுவை அமைத்து, 2016இல் அதன் பணி நிறைவேறிவிட்டது என்று சொல்லிக் கலைத்தது. பணி எவ்வளவு நிறைவேறியிருந்தது என்பதை அடுத்து வந்த ஆண்டுகள் காட்டின.

ஐரோப்பியச் சங்கம் 2009லேயே நடுவர்களுக்கு ஒரு மூன்று படி முறையை வகுத்திருந்தது. முதலில் ஆட்டத்தை நிறுத்தி, ஒலிபெருக்கியில் எச்சரிக்க வேண்டும். தொடர்ந்தால், வீரர்களைச் சிறிது நேரம் உள்ளே அனுப்ப வேண்டும். பின்னும் தொடர்ந்தால், ஆட்டத்தையே கைவிட வேண்டும். 2019 அக்டோபர் 14 அன்று பல்கேரியாவின் தலைநகர் சோஃபியாவில் இங்கிலாந்து ஆடியபோது இம்முறை சோதனைக்கு வந்தது. முந்திய ஆட்டங்களில் நிகழ்ந்த நிறவசைக்காக அந்த அரங்கின் ஒரு பகுதி ஏற்கனவே மூடப்பட்டிருந்தது; மூடாத பகுதியிலிருந்து வசை வந்தது. முதற்பாதியிலேயே நடுவர் இரு முறை ஆட்டத்தை நிறுத்தினார். இடைவேளையில் இங்கிலாந்து வீரர்கள் கலந்து பேசி, தொடர்ந்து ஆடுவதென்று முடிவு செய்தார்கள். ஆறுக்குச் சுழி என வென்றார்கள். பல்கேரியச் சங்கத் தலைவர் பதவி விலகினார். வீரர்களின் முடிவு மதிப்புக்குரியதே. ஆயினும் அந்த முடிவை அவர்கள் எடுக்கும்படி விட்டிருக்கக்கூடாது என்றே நான் சொல்வேன். வெளியேறினால் புள்ளி போகுமோ, வெளியேறாவிட்டால் மானம் போகுமோ என்ற தராசை அடிபட்டவன் கையில் கொடுப்பது முறையன்று. 2020 பிப்ரவரியில் போர்ச்சுகலில் மூஸா மரேகா களத்தை விட்டுப் போக முயன்றபோது, அவரைப் பிடித்து நிறுத்த முயன்றவர்கள் அவருடைய சொந்த அணியினரே என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஸ்பெயின் நாட்டின் கதையில் நீதிமன்றம் வருகிறது. பிரேசில் வீரர் வினீசியஸ் ஜூனியரை 2022 செப்டம்பரில் மாட்ரிட் நகர ரசிகர்கள் குரங்கென்று பாடியபோது, அது சில நொடிகளே நீடித்தது, கடும் போட்டியின் சூழலில் நேர்ந்தது என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் அந்தப் புகாரை மூடிவிட்டார்கள். 2023 மே 21 அன்று வலென்சியாவில் அவர் வசை பாடியவனை விரல் நீட்டிக் காட்டினார், ஆட்டம் நின்றது, கடைசியில் ஒரு தகராறில் சிவப்பு அட்டை பெற்று வெளியேறியவர் அவரே. டல்லின் கதையில் கண்ட அந்த விசித்திர நீதி மறுபடியும் வருகிறது. ஆனால் இம்முறை அது நிலைக்கவில்லை. சிவப்பு அட்டை திரும்பப் பெறப்பட்டது. ரியோவில் கிறிஸ்து சிலையின் விளக்குகளை ஒரு மணி நேரம் அணைத்துத் தம் நாட்டு வீரருக்கு ஆதரவு காட்டினார்கள். அம்மாநிலம் 2023 ஜூலையில் அவர் பெயராலேயே, நிறவசை எழும் ஆட்டத்தை நிறுத்த வழிசெய்யும் சட்டம் இயற்றிற்று. 2024 ஜூனில் வலென்சியா நீதிமன்றம் மூன்று ரசிகர்களுக்கு எட்டு மாதச் சிறைத்தண்டனையும், அரங்கில் நுழைய இரண்டாண்டுத் தடையும் விதித்தது. கால்பந்து அரங்கில் நிறவசைக்காக ஸ்பெயினில் ஒருவர் தண்டனை பெற்றது அதுவே முதல் முறை.

கழகத்தை மட்டும் தண்டித்தால் போதும் என்பவர் சிலர். ஆளை மட்டும் தண்டித்தால் போதும் என்பவர் சிலர். ஆளைத் தண்டிக்காமல் மேடையை மூடினால், வாய்திறவாது அமர்ந்திருந்த ஆயிரவரும் சேர்ந்து தண்டனை பெறுகிறார்கள். ஆளை மட்டும் தண்டித்தால், அவனைப் பல ஆண்டுகள் பொறுத்துக்கொண்டிருந்த கழகம் தப்பிவிடுகிறது. 2024 ஜனவரியில் இத்தாலியின் உதினே நகரில் களத்தை விட்டு வெளியேறிய மிலான் கோல்காப்பாளர் மைக் மெய்ஞான், பிறகு வெளியிட்ட அறிக்கையில் வசை பாடியவர்களோடு நிற்கவில்லை. மேடையில் இருந்து பார்த்தும் கேட்டும் பேசாதிருந்த பார்வையாளர், ஆட்டத்தை நிறுத்துவது பற்றி மட்டும் பேசிய கழகம், அதிகாரிகள் ஆகியோரையும் உடந்தை என்றார். உதினேக் கழகம், அடையாளம் காணப்பட்டவர்களுக்கு வாழ்நாள் தடை விதித்தது.

அதே ஆண்டு மே மாதம் பாங்காக் நகரில் கூடிய உலகச் சங்கப் பேரவை, மூன்று படி முறையை எல்லா நாடுகளுக்கும் உரியதாக்கியது. வசைக்கு ஆளாகும் வீரர் தம் இரு மணிக்கட்டுகளையும் குறுக்காக வைத்துக் காட்டினால் போதும். நடுவரும் அதே சைகையைத் திருப்பிக் காட்டி ஆட்டத்தை நிறுத்துவார். 2025இல் அபராதத்தின் உச்சவரம்பு ஐம்பது இலட்சம் சுவிஸ் பிராங்காக உயர்ந்தது. மூன்றாம் படிக்குப் போனால், வசை பாடிய ரசிகர்களின் அணி ஆட்டத்தையே இழக்க நேரிடலாம். அந்த மூன்றாம் படியில் ஏறும் அதிகாரம் நடுவர் ஒருவரிடம் இருக்கிறது.