கல்விச் சபையில் ஓர் ஆசனம்
எமிலி டேவிஸ் அம்மையாரும் 1870ஆம் ஆண்டுத் தேர்தலும்

எங்கள் பாட்டிமார், பூட்டிமார் காலத்துச் சான்றிதழ்களைப் பெட்டியிலே பத்திரப்படுத்தி வைத்திருக்கும் குடும்பங்களில் ‘ஜூனியர் கேம்பிறிட்ஜ்’, ‘சீனியர் கேம்பிறிட்ஜ்’ என்னும் பெயர்கள் இன்றும் பெருமையோடு பேசப்படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இலங்கையின் ஆங்கிலப் பாடசாலைகள் தம் பிள்ளைகளை அனுப்பிய பரீட்சைகள் அவை. அவற்றில் சித்தியெய்திய பெண்பிள்ளைகள் ஆசிரியைகளாகவும் அதிபர்களாகவும் விளங்கினர். ஆயினும் அந்தப் பரீட்சை மண்டபத்தின் கதவு தொடக்கத்தில் பெண்களுக்குத் திறந்திருக்கவில்லை. அதைத் தட்டித் திறந்தவர்களுள் முதன்மையானவர் எமிலி டேவிஸ் என்னும் ஆங்கிலேய அம்மையார்.

அதே அம்மையார், பெண்களுக்குப் பாராளுமன்ற வாக்குரிமை இல்லாத ஒரு நாளிலே, இலண்டன் பாடசாலைச் சபையின் ஆசனம் ஒன்றுக்குப் போட்டியிட்டு வென்றார். நூற்றாண்டு காணும் எமது சங்கத்தின் மலரில் அந்தத் தேர்தலின் வரலாற்றைச் சொல்ல விழைந்தோம். பாடசாலையை நேசிப்பவர்கள் அதற்குப் பொருளும் உழைப்பும் கொடுத்தாற் போதுமா, பாடசாலை பற்றிய முடிவுகள் எடுக்கப்படும் மேசையிலும் அமர வேண்டுமா என்ற வினா அவர்களுக்கு எழுந்தது போலவே எமக்கும் எழுகின்றது.

குருமனையிலிருந்து கல்லூரி வரை

எமிலி டேவிஸ் 1830ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் திகதி சவுதாம்டன் நகரிற் பிறந்தார். தந்தையார் மதகுரு, பின்னர் வட இங்கிலாந்தின் கேற்ஸ்ஹெட் நகரில் ஊழியஞ் செய்தார். ஆண்பிள்ளைகள் பாடசாலைக்கும் கேம்பிறிட்ஜுக்கும் அனுப்பப்பட்டனர். எமிலியின் கல்வி வீட்டோடு அமைந்தது. ஒரே மனையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இரு வேறு கல்வி என்ற நிலை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

1861இல் தந்தையார் காலமான பின் அவர் தாயாருடன் இலண்டனிற் குடியேறினார். அங்கே பெண்கள் கல்விக்காக உழைத்தோர் கூட்டத்தில் இணைந்தார். அக்காலத்தில் மரியாதையுள்ள பெண்மணி பொதுமேடையில் ஏறிப் பேசுவது வழக்கமன்று. பெண்கள் வைத்தியத் தொழிலில் ஈடுபடுவது பற்றி 1862இல் அவர் எழுதிய கட்டுரையை மாநாட்டில் ஓர் ஆண்மகனே வாசித்தார்.

அடுத்த ஆண்டு கேம்பிறிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகளில் பெண்களும் தோற்ற அனுமதி வேண்டினார். பரீட்சார்த்தமாக ஒருமுறை அனுமதிக்கிறோம் என்ற விடை கிடைத்தபோது எஞ்சியிருந்தவை ஏறத்தாழ ஆறு கிழமைகளே. 1863 டிசம்பரில் 83 பெண்பிள்ளைகள் பரீட்சை எழுதினர். ஏனைய பாடங்களில் நன்கு செய்த பலர் எண்கணிதத்திற் சறுக்கினர். இதனைக் கண்டு அம்மையார் சோர்ந்துவிடவில்லை. பெண்பிள்ளைகளுக்கு எண்கணிதம் ஒழுங்காகக் கற்பிக்கப்படவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா எனக் கொண்டார். ஆசிரியைகளும் அதை உணர்ந்து திருத்திக் கொண்டனர். 1865இல் அப்பரீட்சைகள் பெண்களுக்கு முறைப்படி திறக்கப்பட்டன. கடல் கடந்து எமது மண்ணுக்கு வந்தது அவ்வாறு திறந்துவிடப்பட்ட பரீட்சையே.

1869 ஒக்டோபரில், இலண்டனுக்கும் கேம்பிறிட்ஜுக்கும் இடையிலுள்ள ஹிற்சின் என்னும் ஊரில், வாடகை வீடொன்றில் ஐந்து மாணவியருடன் அவர் ஒரு கல்லூரியைத் தொடக்கினார். அதுவே 1873இல் கேம்பிறிட்ஜை அண்டிய கேர்ட்டன் கிராமத்துக்குப் பெயர்ந்து கேர்ட்டன் கல்லூரி ஆயிற்று.

புதிய சட்டமும் புதிய வாசலும்

அதுவரை இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளின் ஆரம்பக் கல்வி பெரும்பாலும் சமயச் சங்கங்களின் கையிலிருந்தது; அரசு உதவிப்பணம் கொடுத்தது. நகரங்களில் பாடசாலை காணாத பிள்ளைகள் ஏராளம். 1870இல் நிறைவேறிய ஆரம்பக் கல்விச் சட்டம், பாடசாலை இடங்கள் போதாத ஊர்களில் மக்களாற் தெரிவுசெய்யப்படும் பாடசாலைச் சபைகளை அமைக்க வழிசெய்தது. அச்சபைகள் வரிப்பணத்திற் பாடசாலை கட்டலாம். 5 வயது முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளின் வரவைக் கட்டாயமாக்கலாம்.

இச்சட்டத்தில் ஒரு புதுமை இருந்தது. வரியிறுப்பாளர் என்ற முறையிற் பெண்களும் வாக்களிக்கலாம். பெண்கள் வேட்பாளராகவும் நிற்கலாம். நான்கு ஆண்டுகளுக்கு முன், 1866இல், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டி ஏறத்தாழ 1,500 பேர் ஒப்பமிட்ட மனுவை வெஸ்ற்மினிஸ்ரருக்குக் கொண்டு சென்று ஜோன் ஸ்ருவேட் மில்லிடம் கையளித்த இருவரில் எமிலி டேவிஸ் ஒருவர். மற்றவர் அவர் தோழி, வைத்தியர் எலிசபெத் கரெற். பாராளுமன்றத்தின் கதவு அசையவில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு சிறு வாசல் திறந்தது. அதுவும் அவர்கள் நன்கறிந்த துறையில், பிள்ளைகளின் கல்வியிலே, திறந்தது.

1870 நவம்பர் 29

இலண்டன் பாடசாலைச் சபைக்கு 49 உறுப்பினர். தெரிவுக்காக நகரம் பத்துப் பிரிவுகளாக வகுக்கப்பட்டது. எமிலி டேவிஸ் கிறீனிச் பிரிவிற் போட்டியிட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பது. கல்லூரிக்கு வயது ஒன்று. எலிசபெத் கரெற்றை மரிலிபோன் பிரிவில் நிற்கும்படி அழைத்தவர்கள் அங்குள்ள தொழிலாளர்கள். தம் மனைவியரும் பிள்ளைகளும் அவருடைய மருந்தகத்திற் சிகிச்சை பெற்றதை அவர்கள் மறக்கவில்லை. செல்சிப் பிரிவில் பெண்கல்விக்காக எழுதியும் உழைத்தும் வந்த மரியா கிரே நின்றார்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் தம் கட்டுரையைத் தாமே வாசிக்க இயலாதிருந்த பெண், இப்போது வாக்காளர் முன் எழுந்து நின்று தம் கொள்கையை விளக்க வேண்டியிருந்தது. மேடைப் பழக்கம் இல்லாமை அப்பெண்களுக்குப் பெருஞ் சோதனையாக இருந்தது. இருந்தும் கூட்டங்களுக்குச் சென்றனர், கேள்விகளுக்கு விடையளித்தனர்.

வாக்களிக்கும் முறையும் அவர்களுக்குக் கைகொடுத்தது. ஒரு பிரிவில் எத்தனை ஆசனங்களோ அத்தனை வாக்குகள் ஒவ்வொரு வாக்காளருக்கும் உண்டு. விரும்பினால் அவ்வளவையும் ஒரே வேட்பாளருக்கு அளிக்கலாம். பெரிய கட்சிப் பலம் இல்லாதவரும் தம்மை உறுதியாக நம்புவோரின் துணையால் வெல்ல இம்முறை இடமளித்தது.

முடிவு வெளிவந்தபோது இலண்டன் வியந்தது. எலிசபெத் கரெற் 47,858 வாக்குகளுடன் மரிலிபோனில் முதலிடம் பெற்றார். அங்கு இரண்டாம் இடம் பெற்றவர் புகழ்மிக்க விஞ்ஞானி ரி. எச். ஹக்ஸ்லி, அவருக்குக் கிடைத்தவை 13,494. கிறீனிச்சில் எமிலி டேவிஸ் தெரிவானார். மன்செஸ்ரரில் லிடியா பெக்கர் அந்நகரச் சபைக்குத் தெரிவானார். செல்சியில் மரியா கிரே சிறு வித்தியாசத்திற் தோல்வியுற்றார்.

மேசையில் அமர்ந்த பின்

சபையின் வேலை விழா மேடை வேலையன்று. எங்கே பாடசாலை கட்டுவது, எவ்வளவு கட்டணம் அறவிடுவது, வராத பிள்ளையை எப்படி வரச் செய்வது, எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி என்பவையே அதன் விடயங்கள். பெண்பிள்ளைகளுக்கு இவற்றுள் கடைசியானதே பெரிது. ஆரம்பப் பாடசாலைகளில் தையல் அவர்களுக்குக் கட்டாயம். அந்த மணிகள் வேறு பாடங்களிலிருந்தே எடுக்கப்பட்டன. பெண்பிள்ளைகள் தையலிற் செலவிடும் நேரத்தைக் கருதி, எண்கணிதத்தில் அவர்களிடம் குறைவாக எதிர்பார்க்கும் வழக்கமும் வளர்ந்தது. 1863ஆம் ஆண்டுப் பரீட்சையில் வெளிப்பட்ட குறையின் வேர் நேரசூசியில் இருந்தது. நேரசூசியை வகுக்கும் இடத்தில் வகுப்பறை அறிந்த பெண்ணொருவர் இருக்க வேண்டியதன் தேவை இதனால் விளங்கும். மன்செஸ்ரரில் லிடியா பெக்கர் இன்னொரு பக்கத்திலிருந்து இதைத் தொட்டார். வீட்டுவேலை பயில்வது நல்லதெனில் ஆண்பிள்ளைகளும் தம் காலுறையைத் தாமே தைக்கப் பழகட்டும் என்பது அவர் வாதம். அவர் 1890இல் இறக்கும் வரை அச்சபையில் தொடர்ந்து பணியாற்றினார்.

எமிலி டேவிஸ் மூன்றாண்டுகள் சேவையாற்றிய பின் 1873இல் மீண்டும் போட்டியிடவில்லை. கேர்ட்டனில் கட்டடம் எழுந்த காலம் அது. கல்லூரி அவர் முழு உழைப்பையும் வேண்டி நின்றது. எலிசபெத்தும் விலகினார். எனினும் ஆசனம் வெறுமையாகவில்லை. அவ்வாண்டே எலிசபெத்தின் சகோதரி அலிஸ் கவெல், ஆசிரிய பயிற்சியில் அனுபவமிக்க ஜேன் செஸ்ஸர் ஆகிய இருவரும் இலண்டன் சபைக்குத் தெரிவாயினர். ஸ்கொத்லாந்தின் எடின்பறோவில் அதே 1873இல் தெரிவான புளோரா ஸ்ரீவன்சன், 1905இல் மறையும் வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் சபையிலிருந்து, அதன் தலைவராகவும் உயர்ந்தார். 1888இல் இலண்டன் சபைக்கு வந்தவர்களுள் ஒருவர், பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து எம்மவர்க்கு நன்கு அறிமுகமான அன்னி பெசன்ற் அம்மையார்.

தோல்வியடைந்த மரியா கிரேயும் வாளாவிருக்கவில்லை. தம் சகோதரி எமிலி ஷிரெவ்வுடனும் ஏனையோருடனும் சேர்ந்து 1872இல் பெண்கள் பகற்பாடசாலைக் கம்பனியை நிறுவினார். அதன் முதற் பாடசாலை 1873 ஜனவரியில் திறக்கப்பட்டது. திறக்கப்பட்ட இடம், வாக்காளர் அவரை ஏற்காத அதே செல்சி.

கையைவிட்டுப் போன ஆசனம்

இவ்வரலாற்றில் ஒரு கசப்பான அத்தியாயமும் உண்டு. 1902ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இங்கிலாந்தின் பாடசாலைச் சபைகளை ஒழித்து, அவற்றின் பொறுப்பை உள்ளூராட்சிச் சபைகளிடம் ஒப்படைத்தது. இலண்டன் சபை 1904இல் முடிவுக்கு வந்தது. மாவட்டச் சபைகளுக்கோ நகரச் சபைகளுக்கோ பெண்கள் தெரிவாக அன்று சட்டத்தில் இடமில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் வாக்கால் வந்தமர்ந்தவர்கள், கல்விக் குழுக்களில் பிறர் அழைத்துச் சேர்த்துக்கொண்டால் மட்டும் அமரலாம் என்ற நிலை வந்தது. 1907இலேயே அத்தடை நீங்கியது. ஒருமுறை பெற்ற இடம் என்றும் எமதே என இருந்துவிடலாகாது என்பதை இது காட்டுகின்றது.

எமிலி டேவிஸ் 1918 டிசம்பரில், தம் 88ஆவது வயதில், பாராளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார். 1921 ஜூலையில் மறைந்தார். அவர் நாட்டிய கல்லூரியின் பெண்களுக்குக் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகம் முழுப் பட்டம் வழங்கியதோ 1948இலேயே.

எமக்குரிய வினா

இலங்கைப் பெண்களுக்கு 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. 1937இல் வைத்தியர் மேரி இரத்தினம் அம்மையார் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்ணானார். ஆகவே நாம் நிற்கும் இடம் 1870இன் இலண்டன் பெண்கள் நின்ற இடமன்று. எமக்கு வாசல்கள் திறந்தே இருக்கின்றன. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றாரோடும் ஆசிரியரோடும் பழைய மாணவியர்க்கும் இடமுண்டு. கனடாவின் ஒன்ராறியோவில் வாழும் எம் சகோதரியர், பாடசாலைச் சபை உறுப்பினர் தேர்தலை நகரத் தேர்தலுடன் நான்காண்டுக்கு ஒருமுறை காண்கின்றனர். அங்கே தமிழர் போட்டியிட்டு வென்றும் உள்ளனர். இங்கிலாந்தில் வாழ்வோர் தம் பிள்ளைகளின் பாடசாலை ஆளுநர் சபைக்கு முன்வரலாம்.

கட்டட நிதிக்கும் புலமைப்பரிசிலுக்கும் எமது சங்கத்தினர் மனமுவந்து கொடுத்து வந்துள்ளனர். அந்தக் கொடை என்றும் வேண்டும். அதனோடு கூட, கூட்டக் குறிப்பை வாசித்து, கணக்கைக் கேட்டு, நேரசூசியில் எந்தப் பிள்ளையின் மணி குறைகின்றது என்று பார்க்கும் பொறுமையும் வேண்டும். பெயர் முன்மொழியப்படும்போது தயங்குவது இயல்பு. மேடைப் பழக்கம் இல்லை, நேரமில்லை, எம்மிலும் தகுதியானோர் உளர் என்று தோன்றும். இவற்றையெல்லாம் எமிலி டேவிசும் சொல்லியிருக்கலாம். ஓராண்டுக் கல்லூரியைக் கையில் வைத்துக்கொண்டும் அவர் பெயர் கொடுத்தார்.

இரண்டாம் நூற்றாண்டில் அடியெடுத்து வைக்கும் எமது சங்கத்தின் உறுப்பினர்கள், எந்த நாட்டில் இருந்தாலும், அருகிலுள்ள பாடசாலையின் அந்த மேசையில் ஓர் இருக்கையைக் கேட்டுப் பெறுவார்களாக. மூன்றாண்டு இருந்தாலும் போதும். எழும்போது அடுத்தவளை அமர்த்திவிட்டு எழுவோம்.