கழற்றத் தெரிந்த கை

ஒரு பொருளைப் பூட்டத் தெரிந்தவர்கள் நூறு பேர் இருந்தால், அதைச் சேதமில்லாமல் கழற்றத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருப்பது அரிது. வியூகத்தை உடைத்துக் கொண்டு உள்ளே போகக் கற்ற அபிமன்யுவுக்கு வெளியே வரும் வழி தெரியவில்லை. பாரதத்தில் அது பெரிய சோகம். மோட்டார்ப் பட்டறைகளிலோ அது அடிக்கடி நடக்கும் சின்னச் சோகம்.

ஆணி இல்லாமல், மரை இல்லாமல், வெறும் இறுக்கத்தினாலேயே ஒன்றையொன்று பற்றிக் கொண்டிருக்கும் இரும்புகளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். காரின் சூப்பர்சார்ஜரில் இருக்கும் சிறு புல்லி அந்த ஜாதி. ஆனால் அதன் வமிசாவளி மோட்டாரைவிடப் பழையது. அதைத் தேடிக்கொண்டு போனால் காளையார்கோவில் சீமையில் ஓடிய மாட்டு வண்டியின் சக்கரத்துக்கு வந்து சேர்வோம்.

அந்தச் சக்கரத்தைப் பாருங்கள். நடுவில் குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், அவற்றின் நுனியில் துண்டு துண்டாகச் சேர்ந்த வட்டை. இத்தனை மரத்தையும் கட்டிக் காப்பது சுற்றிலும் இருக்கும் இரும்புப் பட்டா ஒன்றுதான். கொல்லர் அந்தப் பட்டாவைச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாகவே செய்வார். தரையில் வட்டமாக வறட்டியும் விறகும் அடுக்கி, நடுவே பட்டாவைப் புதைத்துத் தீ மூட்டுவார். ஐந்தடி விட்டமுள்ள பட்டாவை 400 டிகிரி சென்டிகிரேட் அளவுக்குச் சூடேற்றினால் அதன் சுற்றளவு முக்கால் அங்குலத்துக்கு மேல் விரிந்து கொடுக்கும். இரண்டு மூன்று பேர் கொறடால் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். மரம் புகைந்து எரியத் தொடங்குமுன் குடம் குடமாகத் தண்ணீர் விழும். இரும்பு சுருங்கும், ஆரக்கால்கள் நெறுநெறுவென்று குடத்துக்குள் இறங்கும். அதற்குப் பிறகு பல வருஷம் கவலையில்லை.

கோடையில் மரம் உலர்ந்து பட்டா தளர்ந்தால், வண்டிக்காரர் சக்கரத்தை ஊருணியில் ஒரு ராத்திரி ஊறப் போடுவார். அதற்கும் மசியாவிட்டால் கொல்லரிடம் போக வேண்டியதுதான். அவர் பட்டாவைக் கழற்றி, ஒரு சிறு துண்டு வெட்டி, மீண்டும் ஒட்டி, பழையபடி நெருப்பில் வைத்துப் போடுவார். மரத்துக்கு ஒரு காயம் படாது. பூட்டும்போதே கழற்றுவதற்கும் வழி வைத்த தொழில் அது.

இந்தச் சூட்சுமத்தைத்தான் ரயிலும் எடுத்துக்கொண்டது. 1928-ம் வருஷம் தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பட்டறை நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிப் பொன்மலைக்கு வந்தது. ரயில் எஞ்சின் சக்கரத்தின் மேல்வளையமும் சூடேற்றிப் போடப்பட்டதே. தேய்ந்தால் மறுபடியும் சூடேற்றிக் கழற்றலாம். சக்கரத்தை அச்சில் ஏற்றுவதற்கோ சூடு போதாது. பல டன் பலத்தோடு அழுத்தியாக வேண்டும். ஜோஸப் பிராமா என்ற ஆங்கிலேயர் 1795-ல் உரிமம் பெற்ற நீர் அழுத்த யந்திரத்தின் வழி வந்த யந்திரங்கள் அந்த வேலைக்கு உதவின. ஏற்றியது எந்த யந்திரமோ, இறக்குவதும் அதுவே.

இனி மோட்டாருக்கு வருவோம். அமெரிக்காவில் இண்டியானா மாகாணத்தின் கானர்ஸ்வில் என்ற ஊரில் ரூட்ஸ் என்ற சகோதரர் இருவர் கம்பளி ஆலை வைத்திருந்தார்கள். அதன் தண்ணீர்ச் சக்கரத்தைச் சீர்திருத்தப் போய், இரண்டு சுழலிகள் ஒன்றோடொன்று பின்னிச் சுழன்று காற்றை வாரித் தள்ளும் கருவி ஒன்றை உண்டாக்கிவிட்டார்கள். 1860-ல் அதற்கு உரிமம் கிடைத்தது. இரும்பு உருக்கும் உலைகளுக்கு ஊது துருத்தியாக அது புகழ் பெற்றது. எஞ்சினுக்கும் இப்படிக் காற்றை அழுத்தி ஊட்டினால் என்ன என்று ஜெர்மனியில் காட்லீப் டெய்ம்லர் 1885-லேயே யோசித்தார். அது விற்பனைக்கான காரில் இடம்பெற 1921-ல் மெர்ஸிடிஸ் கார்கள் வர வேண்டியிருந்தது. 1929-ல் பந்தயத்துக்காகச் செய்த 'புளோயர்' பென்ட்லியை அதன் பெயருக்குரிய டபிள்யூ. ஓ. பென்ட்லியே விரும்பவில்லை என்பது ஒரு வேடிக்கை. உலைக்களத்துத் துருத்தி மோட்டாருக்குள் வந்து உட்கார்ந்த கதை இதுதான்.

பிற்காலத்துக் கார்களில் இந்தக் கருவியை எஞ்சின் ஒரு பெல்ட்டால் சுழற்றுகிறது. 1989-ல் வந்த ஃபோர்டு தண்டர்பேர்ட் சூப்பர் கூப்பே, 2002-ல் வந்த மினி கூப்பர் எஸ் ஆகிய கார்களில் அந்தப் பெல்ட் ஓடும் புல்லி, சூப்பர்சார்ஜரின் தண்டில் அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். அதைப் பிடித்து வைக்கும் இறுக்கத்தின் அளவு ஒரு தலைமயிரின் கனம்கூட இராது. ஆனால் எஞ்சின் நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுற்றுச் சுற்றும்போது, அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்திலும் அது நழுவாது.

அவ்வளவு கெட்டியாகப் பிடித்திருப்பதை ஏன் கழற்ற வேண்டும்? உள்ளே பேரிங் தேய்ந்திருக்கலாம், எண்ணெய் கசியலாம். அல்லது காரின் சொந்தக்காரருக்கு வேக ஆசை பிறந்திருக்கலாம். விட்டத்தில் 15 சதவீதம் சிறிய புல்லி போட்டால் சுழலிகள் ஏறக்குறைய 18 சதவீதம் வேகமாகச் சுற்றும், காற்று கூடும், பலமும் கூடும். இதற்காகவே புல்லியைக் கழற்ற முயன்று கையைச் சுட்டுக்கொண்டவர்கள் பல தேசங்களிலும் உண்டு.

'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்பது நம் பழமொழி. இந்த இடத்தில் அதை நம்பினால் மோசம் போவோம். புல்லியின் மேல் விழும் ஒவ்வோர் அடியும் தண்டு வழியாக உள்ளே போகிறது. பேரிங்கின் குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழும். சுழலிகளுக்கு நடுவே மில்லிமீட்டரில் சிறு பின்னம்தான் இடைவெளி. தண்டு சற்றே நகர்ந்தாலும் அவை உரசும். ஒரு சிறு புல்லிக்காக முழுக் கருவியையும் பலி கொடுத்ததாக முடியும். விளிம்பைக் கொக்கியால் பிடித்து இழுத்தாலோ, விளிம்பு மட்டும் பிய்ந்து கையோடு வரும்.

தெரிந்தவர் செய்யும் விதம் வேறு. முதலில் புல்லி தண்டில் எவ்வளவு தூரம் உள்ளே இருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்வார். திரும்பப் போடும்போது பெல்ட் நேராக ஓட அந்த அளவு வேண்டும். புல்லியின் அடிப்பக்கத்தைச் சுற்றிலும் சமமாகப் பற்றும் புல்லரை மாட்டுவார். அதன் நடுத் திருகாணி தண்டின் மத்தியில் நேராக உட்காருகிறதா என்று பார்ப்பார். திருகாணியில் எண்ணெய் விட்டு, கால் சுற்றுத் திருகிவிட்டு நிறுத்துவார். புல்லியை மட்டும் சீக்கிரமாகச் சூடேற்றுவார். நேரம் கடத்தினால் தண்டும் சூடேறி விரிந்துவிடும், பின்னாலிருக்கும் ரப்பர் வளையமும் கருகிவிடும். மறுபடியும் கால் சுற்று. திடீரென்று 'டக்'கென்று ஒரு சத்தம். அங்கேதான் பிடி விட்டது என்று அர்த்தம். பிறகு மெல்ல மெல்ல வந்துவிடும். பட்டா கழற்றிய கொல்லரின் பொறுமைதான் இது. கையில் இருக்கும் ஆயுதம் மட்டும் வேறு.

ஆனால் எவ்வளவு பொறுமை இருந்தாலும், பிடிப்பதற்கு ஓர் இடம் வேண்டுமே! சில புல்லிகளில் செய்தவர்களே பின்பக்கம் ஒரு வரம்பு விட்டிருப்பார்கள்; இன்னும் சிலர் மரைத்துளை வைத்திருப்பார்கள். வேறு சிலவோ வழுவழுவென்று, இனி எவனும் என்னைத் தொட வேண்டாம் என்பதுபோல் உட்கார்ந்திருக்கும். ஒரு தொழிலாளியின் தரத்தை நான் இதை வைத்துத்தான் எடை போடுவேன். நாளைக்கு ஒருவன் வருவான், அவனுக்கும் கை உண்டு, அவனும் கஷ்டப்படுவான் என்று நினைத்துப் பார்த்தவனா, இல்லையா?

காளையார்கோவிலில் தேரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். சாசனத்தில் உள்ளதல்ல, வாய்வழி வந்தது. மருது சகோதரர்கள் காலத்தில் செய்த பெரிய தேர் வெள்ளோட்டத்தன்று நகர மறுத்ததாம். வடம் இழுத்தார்கள், சன்னைக் கட்டை போட்டு நெம்பினார்கள், பயனில்லை. தேரைச் செய்த ஆசாரி, அரச உடையையும் செங்கோலையும் அன்றைக்கு மட்டும் தன்னிடம் கொடுக்கச் சொன்னாராம். சபையில் முணுமுணுப்பு, ஆனாலும் கொடுத்தார்கள். அவர் ஏறி நின்றதும் தேர் நகர்ந்தது. நிலைக்கு வந்து சேருமுன் அவர் தவறி விழுந்து உயிர் விட்டார். அந்தத் தேர் ஓடினால் அரசனுக்கு ஆபத்து என்று கணித்து, அதைத் தாமே ஏற்றுக்கொள்ளத்தான் அரசன் வேஷம் கேட்டார் என்பது பிறகுதான் தெரிந்ததாம்.

பெரிய மருதுவும் சின்ன மருதுவும் 1801 அக்டோபர் 24-ந் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்கள் சமாதி கோயிலுக்கு எதிரே இருக்கிறது. அந்த ஆசாரிக்குக் கதை மட்டும்தான். அது மெய்யோ பொய்யோ, தன் வேலையால் பிறருக்கு நாளை என்ன நேரும் என்று எண்ணிப் பார்த்த ஒருவனைத்தான் ஊர் இத்தனை காலம் நினைவில் வைத்திருக்கிறது.

உயிரைக் கொடுக்கும்படி இன்று யாரும் கேட்கவில்லை. ஒரு புல்லியைக் கடையும்போது, புல்லர் பிடிக்க அரைக்கால் அங்குல வரம்பு விட்டால் போதும்.