ராப்டர் லேக் செயலிகளின் மின்னழுத்தச் சிக்கல்

இன்டெல் நிறுவனத்தின் 'ராப்டர் லேக்' எனப்படும் 13, 14ஆம் தலைமுறை கோர் மேசைக்கணினிச் செயலிகள் பலவற்றில் மிகை மின்னழுத்தத்தால் நேர்ந்த நிரந்தரப் பழுது. இவை முறையே 2022, 2023 அக்டோபரில் விற்பனைக்கு வந்தன.

அறிகுறிகள்: விளையாட்டுகள் பாதியில் முடங்கும், நீலத்திரை தோன்றும், கிராபிக்ஸ் கார்டில் குறையே இல்லாதபோதும் வீடியோ நினைவகம் போதவில்லை என்று பிழைச்செய்தி வரும்.

காரணம்: செயலிக் கருவிலுள்ள கடிகாரச் சுற்று, உயர் மின்னழுத்தமும் வெப்பமும் சேரும்போது விரைந்து தேய்கிறது. தேய்ந்தபின், அதே வேகத்தில் பிழையின்றி இயங்க முன்பைவிடக் கூடுதல் வோல்ட் தேவைப்படும். இதை 'வி-மின் நகர்வு' என்பர். இன்டெல் பரிந்துரையை மீறிய மதர்போர்டு அமைப்புகளும், தேவைக்கு மேல் மின்னழுத்தம் கோரிய மைக்ரோகோடும் (செயலியின் உள்நிரல்) இதற்கு வழிவகுத்தன.

தீர்வு: 2024 ஆகஸ்டில் வெளியான 0எக்ஸ்129 மைக்ரோகோடு, செயலி 1.55 வோல்ட்டுக்கு மேல் கோருவதைத் தடுத்தது. செப்டம்பரில் வந்த 0எக்ஸ்12பி, வேலைப்பளு குறைந்த நேரங்களிலும் மிகை மின்னழுத்தம் கோரப்படுவதைச் சரிசெய்தது. பாதிப்புக்குள்ளாகும் செயலிகளின் உத்தரவாதம் 2 ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது.

பாதுகாப்பு: மதர்போர்டு தயாரிப்பாளரின் அண்மைய பயாஸைப் பதிவேற்றி, அதில் 'இன்டெல் இயல்புநிலை அமைப்புகள்' என்பதைத் தேர்வுசெய்ய வேண்டும். கையால் வோல்ட்டை உயர்த்துவதைத் தவிர்க்க வேண்டும். இவை வருமுன் காப்பவை மட்டுமே. ஏற்கெனவே தேய்ந்த செயலியை எந்தப் புதுப்பிப்பும் மீட்காது, அதை மாற்றியே ஆகவேண்டும்.