வீக் டேஸ்ல ஆபீஸ்... வீக் எண்ட்ல டிராக்! - உங்கள் காருக்கு எந்த சஸ்பென்ஷன் செட் ஆகும்?

இன்ஜினை ரீமேப் பண்ணியாச்சு, எக்ஸாஸ்ட்டும் மாத்தியாச்சு. ஆனால், டிராக்கில் பச்சை விளக்கு எரிந்ததும் டயர் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. பக்கத்து லேனில் நிற்கும் ஸ்டாக் கார் சத்தமில்லாமல் முன்னால் போய்விடுகிறது. காரணம் சிம்பிள். பவர் இருக்கிறது, அதைத் தரையில் இறக்க வழியில்லை. அந்த வேலையைச் செய்வது டயரும் சஸ்பென்ஷனும்தான்.

டிராக் ரேஸ் என்பது பெரும்பாலும் கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்க்கோட்டு ஓட்டம். இதில் முதல் 60 அடிக்கான நேரத்தைத் தனியாகவே அளப்பார்கள். அங்கே மிச்சமாகும் நேரம், பொதுவாக ஃபினிஷ் லைனில் இன்னும் கூடுதலாகக் கிடைக்கும். சஸ்பென்ஷனின் ஆட்டமே இந்த 60 அடியில்தான். ஆனால், அதே காரில்தானே திங்கட்கிழமை ஆபீஸுக்கும் போகணும், அம்மா அப்பாவைக் கோயிலுக்கும் கூட்டிட்டுப் போகணும்? அதனால், இரண்டுக்கும் ஒத்துவருகிற மாதிரி தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

முன்வீல் டிரைவா, பின்வீல் டிரைவா?

முதலில் இதற்குப் பதில் தெரியணும். கார் சீறிக் கிளம்பும்போது எடை பின்பக்கம் சாயும். பின்வீல் டிரைவ் காருக்கு இது வரம். முன்பக்க மூக்கு சட்டென்று எழும்பினால், பின் டயர்கள் தரையை நன்றாகக் கவ்வும். அதனால்தான் டிராக் ஷாக் அப்சார்பர்களில் முன்பக்கம் சுலபமாக விரியும்படி வைத்திருப்பார்கள்.

நம் ஊரில் அதிகம் ஓடும் ஸ்விஃப்ட், போலோ போன்ற முன்வீல் டிரைவ் கார்களுக்குக் கதையே தலைகீழ். சக்தி போவது முன் டயருக்கு. எடை ஓடுவது பின்பக்கம். இங்கே மூக்கு வேகமாக எழும்பக் கூடாது, பின்பக்கம் தொபுக்கென்று உட்காரக் கூடாது. அதனால் முன் ஷாக் மெதுவாக விரியணும், பின் ஷாக் மெதுவாக அமுங்கணும். யூடியூபில் மஸ்டாங் காருக்குச் சொல்லும் டிப்ஸை அப்படியே ஸ்விஃப்ட்டில் செய்தால், இருக்கும் பிடிப்பும் போய்விடும்.

காரைத் தாழ்த்தினால் ஜெயிக்கலாமா?

ஒரு சின்னக் கணக்கு. காரின் எடை 1,000 கிலோ, வீல்பேஸ் 2.5 மீட்டர், எடை மையத்தின் உயரம் அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 0.5 ஜி முடுக்கத்தில் கிளம்பினால், சுமார் 100 கிலோ எடை முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் போகும். காரை 25 மி.மீ. தாழ்த்தினால், அந்த 100 கிலோ 95 ஆகும். லாபம் வெறும் 5 கிலோ!

அந்த 5 கிலோவுக்காக ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் அடிப்பாகம் உரசும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது இன்னும் மோசம். ஸ்பிரிங் விறைப்பாகிவிடும், பழைய ஷாக்கால் அதைக் கட்டுப்படுத்த முடியாது. பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் தன் இடத்தைவிட்டு நழுவும் அபாயமும் உண்டு. காசு மிச்சம் என்று யார் சொன்னாலும் இதைச் செய்யாதீர்கள்.

எந்த வரிசையில் செலவு செய்வது?

1. டயர்: முதல் காசு இதற்குத்தான். நல்ல பிடிப்புள்ள டயர் இல்லாமல் எந்த சஸ்பென்ஷனும் வேலைக்கு ஆகாது.

2. புஷ்: லோயர் ஆர்ம் புஷ், இன்ஜின் மவுன்ட் இரண்டும் தேய்ந்திருந்தால், கிளம்பும்போது முன்வீல் தடதடவென்று குதிக்கும். முதலில் புது ஒரிஜினல் புஷ் போடுங்கள். பாலியூரித்தேன் புஷ் இன்னும் உறுதி. ஆனால், அதிர்வும் சத்தமும் கேபினுக்குள் வரும்.

3. ஷாக் அப்சார்பர்: பட்ஜெட்டில் பெரிய பங்கு இதற்கு. அட்ஜஸ்ட் செய்யக்கூடியதாக வாங்கினால் டிராக்குக்கு ஒரு செட்டிங், ரோட்டுக்கு ஒரு செட்டிங் வைக்கலாம். வாங்கும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். அட்ஜஸ்ட் ஆவது விரியும் வேகமா, அமுங்கும் வேகமா, இரண்டுமா? காரில் மாட்டியபடியே திருகை எட்ட முடியுமா? கழற்றித்தான் திருகணும் என்றால், நீங்கள் அதைத் தொடவே மாட்டீர்கள்.

4. ஸ்பிரிங்: ஷாக்குக்குப் பொருத்தமானதாக, கடைசியாக வாங்குங்கள். உதாரணத்துக்கு, பில்ஸ்டீன் நிறுவனத்தின் பி6 ஷாக் வழக்கமான உயரத்துக்கு, பி8 தாழ்த்திய ஸ்பிரிங்குக்கு. மாற்றிப் போட்டால் இரண்டுமே வீண்.

5. வீல் அலைன்மென்ட்: மேலே சொன்னதில் சஸ்பென்ஷன் பாகம் எதை மாற்றினாலும், உடனே இதைச் செய்துவிடுங்கள்.

இன்னொன்று... டிராக்குக்கு மட்டும் ஓடும் கார்களில் எடை குறைய முன்பக்க ஆன்டி ரோல் பாரையே கழற்றிவிடுவார்கள். வளைவுகளில் ஓடும் காருக்கு அது வேண்டவே வேண்டாம். அதேபோல, டிராக் செட்டிங்கிலேயே ஹைவே ஏறாதீர்கள். அவசரத்தில் பிரேக் அடிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். அப்போது தெரிந்து பயனில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதனால், வேலையை ஆரம்பிக்கும் முன் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவியுங்கள். கழற்றிய ஒரிஜினல் பாகங்களைப் பத்திரமாக வையுங்கள்.

வேகத்தைச் சோதிக்க ஈ.சி.ஆரும் பைபாஸும் இடமில்லை. பொதுச்சாலையில் ரேஸ் விடுவது அதே சட்டத்தின் 189-வது பிரிவின்படி குற்றம். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் டிராக் போட்டிகள் நடந்திருக்கின்றன. அடுத்த போட்டி அறிவிப்பு வரும்வரை ஒரு வேலை இருக்கிறது. காரின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திவிட்டுப் பாருங்கள். ஒரு தடவை எழும்பி அடங்கினால் ஓகே. தொடர்ந்து ஆடிக்கொண்டே இருந்தால், அப்கிரேடு அங்கிருந்து ஆரம்பிக்கட்டும்!