கடலில் இரும்பு: ஒரு சோதனையும் அதைச் சூழ்ந்த விதிகளும்

தென்பெருங்கடலின் மேல்நீரில் நைட்ரேட், பாஸ்பேட் சத்துகள் தாராளமாக இருந்தும் நுண்பாசிகள் குறைவாகவே வளர்கின்றன. இரும்புச்சத்துப் பற்றாக்குறையே இதற்குக் காரணம் என்று 1980களின் இறுதியில் அமெரிக்கக் கடலியலாளர் ஜான் மார்ட்டின் வாதிட்டார். இரும்பைக் கரைத்துவிட்டால் பாசி பெருகிக் கரியமில வாயுவை உறிஞ்சும்; மடிந்த பாசி அந்தக் கார்பனுடன் ஆழ்கடலுக்கு இறங்கும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. 1993இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே முதல் கடற்சோதனை நடந்தது. அதன்பின் வந்த சோதனைகளும் அறிவியல் ஆய்வுகளாகவே கருதப்பட்டதால், அவற்றுக்கெனத் தனிச் சர்வதேச விதி ஏதும் வகுக்கப்படவில்லை.

2007இல் பிளாங்டோஸ் என்ற அமெரிக்க நிறுவனம் இரும்பு தூவிக் கார்பன் கிரெடிட் விற்கத் திட்டமிட்டபோது நிலைமை மாறியது. 2008 மே மாதம் பான் நகரில் கூடிய உயிரினப் பன்மய உடன்படிக்கை நாடுகள், கரையோர நீரில் செய்யும் சிறு ஆய்வுகள் நீங்கலாக இத்தகைய பணிகளை நிறுத்திவைக்கக் கோரின. கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் லண்டன் உடன்படிக்கையின் நாடுகள், முறையான அறிவியல் ஆய்வுக்கு மட்டும் இடமளித்து அக்டோபரில் தீர்மானம் இயற்றின. எது முறையான ஆய்வு என்பதை யார் முடிவுசெய்வது என்ற கேள்வி மிஞ்சியது.

அந்தக் கேள்வியை முதலில் சந்தித்தது இந்திய-ஜெர்மன் கூட்டாய்வான லோஹாஃபெக்ஸ். கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனமும் அதை நடத்தின. 2009 ஜனவரியில் போலார்ஸ்டெர்ன் கப்பல் கேப் டவுனிலிருந்து புறப்பட்டபின் சூழல் அமைப்புகள் எதிர்ப்புக் கிளப்பின. ஜெர்மனியின் சுற்றுச்சூழல் அமைச்சகம் சோதனையை நிறுத்தக் கோரியது. ஆராய்ச்சி அமைச்சகமோ வெளி நிபுணர்களின் மதிப்பீட்டைப் பெற்று, ஜனவரி 26 அன்று அனுமதித்தது. கடல்நீரில் கரைத்த இரும்பு சல்பேட் சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் விடப்பட்டது. பாசி வளர்ந்தது. ஆனால் அந்த நீரில் சிலிக்கா குறைவாக இருந்ததால், கனத்த ஓடுள்ள டயட்டம் பாசிகள் பெருகவில்லை. வளர்ந்த மென்பாசிகளைக் கோப்பிபாட் என்னும் சிறு விலங்குகள் மேய்ந்துவிட்டன. ஆழத்துக்குச் சென்ற கார்பன் மிகச் சொற்பம்.

2010இல் லண்டன் உடன்படிக்கை நாடுகள், ஒவ்வொரு ஆய்வுத் திட்டத்தையும் முன்கூட்டியே மதிப்பிடும் வழிமுறையை ஏற்றன. ஆயினும் 2012இல் கனடாவின் ஹைடா குவாய் தீவுகளுக்கு மேற்கே தனியார் திட்டம் ஒன்று சுமார் 100 டன் இரும்புச் சேர்மத்தைக் கொட்டியது. சால்மன் மீன்வளத்தைப் பெருக்குவதும் கார்பன் கிரெடிட் பெறுவதும் அதன் நோக்கங்கள். மறு ஆண்டு அக்டோபரில், லண்டன் உடன்படிக்கையோடு இணைந்த ஒப்பந்தமான லண்டன் நெறிமுறையில், சட்டப்படி கட்டுப்படுத்தும் திருத்தம் நிறைவேறியது. ஆய்வுக்கு மட்டுமே, அதுவும் உரிமம் பெற்றபின்னரே இரும்பூட்டலாம் என்கிறது அது. உறுப்பு நாடுகளில் மூன்றில் இரு பங்கு ஏற்றால்தான் திருத்தம் நடைமுறைக்கு வரும். ஏற்ற நாடுகள் சிலவே என்பதால், சட்டப்படி கட்டுப்படுத்தாத 2008, 2010 தீர்மானங்களே இத்துறைக்கு வழிகாட்டியாக நீடிக்கின்றன.